ஆற்காடு மிஷன்

படவேடு, ஜவ்வாது மலையடிவாரம் உள்ளிட்ட பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை நடத்திய கிறித்தவப் பணி. மருத்துவர் ஜான் ஸ்கடரின் புதல்வர்களான ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகியோர் 1853இல் இதை நிறுவினர்.

மிஷனின் உயிர் ஊருக்கு ஒதுக்குப்புறமான சேரிகளில் கூடிய சிறு சபைகளில் இருந்தது. சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். ஞாயிறு ஓய்ந்து ஆராதனைக்குக் கூடுவது, பண்ணையாரை அண்டிப் பிழைத்தவர்களுக்கு எளிய காரியமன்று. அதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் வட ஆற்காடு கடுமையாக வதைபட்டது. அக்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபைகளை நாடி வந்தோர் பலர். கஞ்சிக்காக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு அன்றே எழுந்தது. அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. பசித்தவர் சோற்றோடு மரியாதையையும் தேடினார். கூட்டு ஜெபத்திலும் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பிலும் நாளையைப் பற்றிய நம்பிக்கையைக் கண்டார்.

சிறுமியாக அப்பஞ்சத்தைப் பார்த்த, அதே ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகமே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன் வளர்த்த சபைகளும் அதில் இணைந்தன. இன்று அவற்றுள் பல வேலூர்ப் பேராயத்தைச் சேர்ந்தவை.