லிடியாவின் தாய் பெயர்

புவாண்ட்-கிளேரில் நான் கோப்பை கழுவும் உணவகத்திலிருந்து ஆற்றுப் பக்கமாக நடந்தால், 1709-10 இல் கட்டப்பட்ட காற்றாலை ஒன்று வரும். அருகில் நொத்ர்-டாம் சபைக் கன்னியாஸ்திரிகளின் பழைய மடக் கட்டடம். மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்குமுன் அங்கே போய் இருப்பேன். இந்தச் சபையில் ஆங்கிலக் குடியேற்றத்திலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்ணொருத்தி இருந்தாள் என்று வாசித்தபிறகு, அவளின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட வரலாற்றுப் படிப்பின் மிச்சம் அது.

லிடியா லோங்லி 1674 இல் மாசசூசெட்ஸில், குறொட்டன் என்னும் ஊரில் பிறந்தாள். தகப்பன் வில்லியம் ஊர்ப் பதிவேடுகளை எழுதியவர். பிரான்சும் இங்கிலாந்தும் தங்கள் சண்டையை இந்தக் கண்டத்திலும் நடத்திய காலம். தங்கள் நிலம் பறிபோவதைக் கண்ட அபனாக்கி மக்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றார்கள். 1694 ஜூலையில் அவர்கள் குறொட்டனைத் தாக்கியபோது தாய், தகப்பன், ஐந்து பிள்ளைகள் கொல்லப்பட்டனர். லிடியாவையும் தம்பியையும் தங்கையையும் கொண்டுபோனார்கள். தங்கை பசியால் இறந்தாள் என்பர். தம்பி ஜோன் சில ஆண்டுகளின்பின் மனமில்லாமலே ஊர் திரும்பினான். பிற்காலத்தில் தகப்பனைப் போல அவனும் ஊர் எழுத்தரானான்.

லிடியா மொன்றியாலில் தங்கிவிட்டாள். 1696 ஏப்ரல் 24 அன்று கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றாள். ஞானத் தகப்பன் வணிகர் ஜாக் லு பேர். அன்றைய பதிவில் அவள் பிறந்த ஊர், பிடிபட்ட மாதம், தகப்பன் பெயர் எல்லாம் உண்டு. தாயின் பெயரும் உண்டு: டெலிவரன்ஸ் கிறிஸ்ப். கணவனின் பெயரோடு அல்ல, அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு. பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதுவது பிரெஞ்சுப் பதிவேடுகளின் வழக்கம். கியூபெக்கில் தாய்வழியைப் பல தலைமுறைகள் பின்னோக்கித் தேட முடிவது அதனால்தான்.

ஆனால் எல்லாருக்கும் அந்தப் பேறு இல்லை. அதே பதிவேடுகளில் அடிமைகளாக வைத்திருந்த பூர்வீகப் பெண்கள் பலருக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை. யாருடைய வேர் எழுதப்பட வேண்டும் என்பதைப் பேனா பிடித்தவன் தீர்மானித்தான்.

லிடியா கன்னியாஸ்திரியாகி 1758 இல் இறந்தாள். அவளுக்குச் சந்ததி இல்லை. அந்தப் பதிவு இருக்கிறது.

எங்கள் பத்திரங்கள் 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு பையோடு போய்விட்டன. இருந்திருந்தாலும் என்ன? அம்மாவின் பெயருக்கு முன்னால் முதலில் அம்மப்பா பெயர், பிறகு அப்பா பெயர். அம்மம்மாவின் தாயை நான் எந்தக் கடதாசியிலும் கண்டதில்லை. போன கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாரும் ஆச்சி என்றுதானடா கூப்பிட்டது" என்றார்.

உங்கள் வீட்டில் ஞாபகமுள்ள ஒருவர் இன்னும் இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்.