ஒரு நாளும் 4,814 கோடியும்: கைமாறாமல் போன டெக்கான் சார்ஜர்ஸ்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி பக்கம் ஒரு குறுக்கம் கரிசல் காடு வாங்குவதாக இருந்தாலும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுக்க மாட்டார்கள். மூலப்பத்திரத்தை வாங்கிப் பார்ப்பார்கள். அருப்புக்கோட்டைக்குப் போய் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். அடமானம் இருக்கிறதா, பங்காளி யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும், அதை விற்கும் உரிமை முழுவதும் அவர் கையில் இருக்கிறது என்று ஆகிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோடிக்கணக்கில் விலை போகும் விளையாட்டு அணிகளின் கதையும் இதுதான். விற்கிறவர் தயார், வாங்குகிறவர் தயார், பணமும் தயார். ஆனாலும் விற்பனை நடக்காது. மூன்றாவதாக ஒருவர் "சரி" சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கால்பந்துக் கதை உண்டு. அதைவிடச் சிக்கலான கதை ஒன்று நம் நாட்டிலேயே, அதுவும் பாதி சென்னையிலேயே, நடந்திருக்கிறது.

முதலில் நியூகாசில்

நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கழகத்தை வாங்க 2020-ம் ஆண்டு ஒரு கூட்டணி முன்வந்தது. 80 சதவீதம் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். மீதி 20 சதவீதம் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு தரப்புகளுக்கு. உரிமையாளர் மைக் ஆஷ்லி விற்கத் தயாராக இருந்தார். ஆனால் பிரீமியர் லீக் அமைப்பு, புதிய உரிமையாளர்களுக்கான தகுதித் தேர்வை முடிக்காமலே இழுத்தது. கழகத்தை உண்மையில் கட்டுப்படுத்தப் போவது முதலீட்டு நிதியமா, சவுதி அரசாங்கமா என்பதுதான் கேள்வி. ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பிய விவகாரமும் பின்னணியில் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் கூட்டணி விலகிக்கொண்டது.

பிறகு வழக்குகள். ஒரு பக்கம் நடுவர் விசாரணை. நடுவர் குழுவின் தலைவர் முன்பு லீக்குக்கு ஆலோசனை சொன்னவர், அவரை நீக்க வேண்டும் என்று கழகம் உயர் நீதிமன்றம் போய் 2021 மார்ச்சில் தோற்றது. இன்னொரு பக்கம் வணிகப் போட்டித் தீர்ப்பாயத்தில் ஆஷ்லியின் நிறுவனம் போட்ட வழக்கு. கடைசியில் எந்தத் தீர்ப்பும் வருவதற்கு முன்பே, கழகத்தைச் சவுதி அரசு கட்டுப்படுத்தாது என்ற சட்டபூர்வ உறுதிமொழியின் பேரில் 2021 அக்டோபர் 7 அன்று விற்பனை முடிந்தது. தாமதமானாலும் நியூகாசில் கைமாறிவிட்டது.

ஹைதராபாத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை

2008 ஜனவரி 24 அன்று ஐ.பி.எல். போட்டிக்கான எட்டு அணிகள் ஏலம் போயின. ஹைதராபாத் அணியை டெக்கான் கிரானிக்கிள் ஹோல்டிங்ஸ் என்ற பத்திரிகை நிறுவனம் சுமார் 10.7 கோடி டாலருக்கு எடுத்தது. சென்னை அணியின் விலை சுமார் 9.1 கோடி டாலர்தான். தொகையைப் பத்து ஆண்டுத் தவணையில் இந்திய கிரிக்கெட் வாரியத்துக்குக் கட்ட வேண்டும்.

முதல் ஆண்டு அணி கடைசி இடம். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில், கில்கிறிஸ்ட் தலைமையில், இறுதி ஆட்டத்தில் பெங்களூரை 6 ரன்னில் வென்று கோப்பை! இப்படித் தலைகீழாக மாறிய அணி என்று அப்போது எல்லோரும் பேசினார்கள்.

ஆனால் மைதானத்தின் கணக்கு வேறு, ஐந்தொகைக் கணக்கு வேறு. 2012-ல் தாய் நிறுவனம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. அணியின் மீதான உரிமைகளையும் கடன் கொடுத்தவர்களுக்குப் பிணையாக எழுதிக் கொடுத்திருந்தது. கிராமத்துப் பாஷையில் சொன்னால், பட்டாவில் வில்லங்கம் ஏறிவிட்டது.

முப்பது நாள் கெடு

2012 ஆகஸ்ட் 16 அன்று வாரியம் நோட்டீஸ் அனுப்பியது. சம்பள பாக்கி, சொத்துகள் மீதான பிணை உள்ளிட்ட குறைகளை முப்பது நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

நிறுவனத்துக்குத் தெரிந்த ஒரே வழி அணியை விற்பது. செப்டம்பர் மாதம் விளம்பரம் கொடுத்து ஏலம் அறிவித்தது. செப்டம்பர் 13 அன்று சென்னையில் ஏலம். வந்தது ஒரே ஒரு கேட்பு. சென்னையைச் சேர்ந்த பி.வி.பி. வென்ச்சர்ஸ், 900 கோடி ரூபாய். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

மறுநாள், செப்டம்பர் 14. அதே சென்னையில் ஐ.பி.எல். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. ஒப்பந்தம் ரத்து என்று அறிவித்தது.

இங்கே நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 16-லிருந்து முப்பது நாள் முடிவது செப்டம்பர் 15. ரத்து செய்தது 14. கெடு முடிய ஒரு நாள் பாக்கி. இந்த ஒரு நாள்தான் அடுத்த ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றங்களில் பேசப்பட்டது.

நூறு கோடி உத்தரவாதம்

நிறுவனம் உடனே பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. ஒப்பந்தப்படி தகராறை நடுவர்தான் தீர்க்க வேண்டும். நடுவர் என்றால் ஆட்டத்து அம்பயர் அல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும், தனியார் நீதிபதி போன்றவர். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சி.கே. தக்கர் நியமிக்கப்பட்டார்.

அதுவரை அணியைக் காப்பாற்றி வைக்க வேண்டுமே? நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. 100 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுங்கள், ரத்து உத்தரவு நிற்கும். வங்கி உத்தரவாதம் என்பது வணிகவியல் மாணவர்களுக்குப் புதிதல்ல. "இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று வங்கி எழுதிக் கொடுக்கும் தாள். பணம் இருக்கும் நிறுவனத்துக்கு அது இரண்டு நாள் வேலை. ஏற்கெனவே வங்கிகளுக்குக் கடன்பட்ட நிறுவனத்துக்கு எந்த வங்கி அதை எழுதிக் கொடுக்கும்?

கெடு நீட்டிக்கப்பட்டும் உத்தரவாதம் வரவில்லை. கடைசி நேரத்தில் மும்பையின் கம்லா லேண்ட்மார்க் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு அணியை விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் ரத்தான ஒப்பந்தத்தை யார் விற்பது, யார் வாங்குவது? வாரியம் கண்டுகொள்ளவில்லை. நடுவர் கொடுத்த தற்காலிகத் தடையும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. எல்லாம் அந்த அக்டோபர் மாதத்துக்குள்ளேயே நடந்து முடிந்தன.

அக்டோபர் 25 அன்று வாரியம் ஹைதராபாத்துக்குப் புதிய அணி என்று ஏலம் விட்டது. சென்னையின் சன் டி.வி. நெட்வொர்க் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய் கேட்டு எடுத்தது. இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? அதே பி.வி.பி. வென்ச்சர்ஸ், ஆண்டுக்கு 69.03 கோடி. ஒரே அணிக்கு இரண்டு மாதத்தில் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கிடைக்காமல் போனது!

2008 விலையை அன்றைய டாலர் மதிப்பில், அதாவது சுமார் 40 ரூபாய் கணக்கில் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 43 கோடிதான் வருகிறது. ஆக, பழைய உரிமையாளர் போனதில் வாரியத்துக்கு நஷ்டம் இல்லை. ஆண்டு வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பு ஆனது. டெக்கான் சார்ஜர்ஸ் என்ற பெயர் மறைந்தது. அதன் இடத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வந்தது.

எட்டு ஆண்டு கழித்து ஒரு குண்டு

எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில், 2020 ஜூலை 17 அன்று நடுவர் தக்கர் தீர்ப்பு சொன்னார். கெடு முடியும் முன்பே ரத்து செய்தது சட்டவிரோதம். டெக்கான் கிரானிக்கிளுக்கு வாரியம் தர வேண்டியது சுமார் 4,814 கோடி ரூபாய், அதற்கு மேல் 2012-லிருந்து 10 சதவீத வட்டி!

அந்த நிறுவனம் ஏலத்தில் நிராகரித்த 900 கோடியோடு இதை ஒப்பிட்டால், ஐந்து மடங்குக்கும் மேல். இதற்குள் 2017-லேயே நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய்விட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தத் தொகை கிடைத்திருந்தால் கடன் கொடுத்தவர்களின் கதையே மாறியிருக்கும்.

வாரியம் மீண்டும் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34-வது பிரிவின்படி நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஆனால் இது சாதாரண மேல்முறையீடு அல்ல. நடுவர் தப்பாகக் கணக்குப் போட்டார் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் கைவைக்க முடியாது. காரணங்கள் மிகக் குறுகலானவை.

2021 ஜூன் 16 அன்று நீதிபதி ஜி.எஸ். படேல் அந்த 4,814 கோடியை ரத்து செய்தார். நடுவர் ஒப்பந்தத்தின் விதிகளை விட்டு விலகிப் போய்விட்டார் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தின் 28-வது பிரிவு இதில் முக்கியம். இரு தரப்பும் வெளிப்படையாக அனுமதி கொடுத்தால் ஒழிய, நடுவர் தன் மனதுக்கு நியாயம் என்று பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காகிதத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்கும் எல்லை.

கொச்சியின் எதிர்க்கதை

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது கொச்சி டஸ்கர்ஸ் வழக்கு. 2010-ல் ஏலம் எடுக்கப்பட்டு, ஒரே ஒரு சீசன் ஆடிய அணி. வங்கி உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று வாரியம் 2011 செப்டம்பரில் ரத்து செய்தது. நடுவர் 2015-ல் அணியின் உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2025 ஜூன் மாதம் அதே பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தொகை 538 கோடி ரூபாய்க்கு மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? கொச்சி விஷயத்தில் உத்தரவாதத்துக்கான கெடு தாண்டிய பிறகும் வாரியம் மாதக்கணக்கில் அந்த அணியோடு வரவு செலவு வைத்திருந்தது. கெடுவைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டது என்ற நடுவரின் முடிவில் நீதிமன்றம் குறுக்கிடவில்லை. ஹைதராபாத்தில் வாரியம் ஒரு நாள் அவசரப்பட்டும் கடைசியில் தப்பித்தது. கொச்சியில் மாதக்கணக்கில் பொறுமையாக இருந்து மாட்டிக்கொண்டது. கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ஒப்பந்த வழக்குகளில் காலண்டர் மட்டும் பேசுவதில்லை; அந்தத் தேதியைச் சுற்றி இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டன என்பதும் பேசுகிறது.

கதவைக் காப்பவர் யார்?

இவ்வளவு வழக்குக்கும் அடியில் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. 2012-ல் வாரியத்தின் தலைவர் என். சீனிவாசன். அவர் நிர்வகித்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம்தான் அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளர். ஒரு அணியின் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அமைப்பின் தலைமையில், போட்டி அணியோடு தொடர்புடையவர். வாரிய நிர்வாகிகள் ஐ.பி.எல். அணிகளில் வணிக ஆதாயம் வைத்துக்கொள்ள வழிவிட்ட விதியை உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 22 அன்று வேறொரு வழக்கில் செல்லாது என்று அறிவித்தது. ஹைதராபாத் முடிவு தவறு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் நியூகாசில்காரர்கள் நடுவர் குழுவின் தலைவரை மாற்றச் சொன்னதற்குக் காரணம் என்னவோ, அதே கேள்விதான் இங்கும் எழுகிறது. வாசலில் நிற்பவர் நடுநிலையானவர்தான் என்று உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் நம்ப வேண்டும்.

ஓர் அணியை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது மைதானத்தையோ வீரர்களையோ அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு விளையாடும் உரிமத்தை. அது குத்தகை நிலம் மாதிரி. உழுது விதைத்து நல்ல விளைச்சல் எடுத்திருக்கலாம், கோப்பையே வாங்கியிருக்கலாம். குத்தகைச் சீட்டில் எழுதியிருப்பதை மீறினால் விளைச்சல் சாட்சிக்கு வராது. 2009-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கோப்பையைத் தூக்கிய அணி மூன்றே ஆண்டுகளில் இல்லாமல் போனதற்குக் காரணம் ஆட்டத்தில் தோற்றது அல்ல. பாக்கி வைத்த சம்பளமும், பிணையாக எழுதிக் கொடுத்த தாள்களும், வராமல் போன ஒரு நூறு கோடி ரூபாய் உத்தரவாதமும்தான்.