பிரிட்டனில் குங்ஃபூவும் கத்தரியும்

சங்கிலியால் இணைத்த இரு கட்டைகளே நுஞ்சாக்கு. பிரிட்டனில் அதைப் பிரபலமாக்கியது, 1974இல் அங்கே திரையிடப்பட்ட புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’. இளைஞர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு தெருச்சண்டையில் இறங்குவார்கள் என்று தணிக்கை வாரியப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஃபெர்மன் அஞ்சினார். 1979இல் அப்படத்தின் நுஞ்சாக்குக் காட்சிகள் வெட்டப்பட்டன.

நகைச்சுவையும் தப்பவில்லை. 1991இல் வந்த நிஞ்ஜா ஆமைகளின் இரண்டாம் படத்தில், மைக்கேலேஞ்சலோ என்ற ஆமை தொத்திறைச்சிச் சரத்தை எடுத்து நுஞ்சாக்குபோலச் சுழற்றும். குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய அந்தக் காட்சிக்கும் கத்தரி விழுந்தது. அந்த ஆமைகளின் தொலைக்காட்சித் தொடர் பெயரிலோ ‘நிஞ்ஜா’ போய் ‘ஹீரோ’ வந்தது. தின்பண்டத்தை ஆயுதமாகக் கண்ட தணிக்கை நிச்சயம் எல்லை மீறியதே.

ஃபெர்மன் 1999இல் பதவி விலகினார். அதன் பிறகே விதி தளர்ந்தது. புரூஸ் லீயின் படமும் 2001இல் வெட்டின்றி வெளியானது.