பொய் குறித்து அகுஸ்தீன்

நல்ல நோக்கத்துக்காகப் பொய் சொல்லலாமா என்ற கேள்வியை விரிவாக ஆராய்ந்த பண்டைக் கிறித்தவ அறிஞர்களுள் முதன்மையானவர் புனித அகுஸ்தீன் (354–430). பேச்சுக்கலை ஆசிரியராக இருந்து, பின்னர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரானவர் இவர். இப்பொருள் பற்றி, ஏறத்தாழ 395ஆம் ஆண்டில் ஒன்றும் 420இல் மற்றொன்றுமாக இரு நூல்களை இலத்தீனில் எழுதினார்.

மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, பிறரை ஏமாற்றும் எண்ணத்துடன் வேறொன்றைச் சொல்வதே பொய் என்பது அவர் கருத்து. தவறான செய்தியை உண்மை என நம்பிச் சொல்பவர் பிழை செய்கிறாரே தவிரப் பொய் சொல்வதில்லை. பொய்களை அவர் எட்டு வகையாகப் பிரித்தார். சமயப் போதனையில் சொல்லப்படும் பொய்யே அவற்றுள் மிகக் கொடியது. எட்டும் சம அளவில் கொடியவை அல்ல. ஆனால் எட்டுமே பாவம்.

அப்படியானால், அடைக்கலம் தேடி வந்தவரைக் காப்பது எப்படி? இதற்குத் தாகாஸ்தே நகர ஆயர் பிர்முஸ் என்பவரின் வரலாற்றை அகுஸ்தீன் எடுத்துக்காட்டுகிறார். அரசு தேடிய ஒருவரை இவர் ஒளித்து வைத்திருந்தார். பொய் சொல்லவும் மாட்டேன், காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்று கூறிச் சித்திரவதையைத் தாங்கினார். அவரது உறுதியைக் கண்டு வியந்த பேரரசர், தேடப்பட்டவரை மன்னித்தார்.

இரண்டாம் நூல் எழுந்த சூழல் வேறு. பிரிசில்லியன் என்பவரைப் பின்பற்றிய குழுவினர் தம் நம்பிக்கையைப் பொய்யால் மறைத்து வந்ததாகக் கூறப்பட்டது. அவர்களைப் போல நடித்து அவர்களுக்குள் புகுந்து, மறைந்திருப்போரைக் கண்டுபிடிக்கலாம் என்று கொன்சென்சியுஸ் என்பவர் கருதினார். அகுஸ்தீன் இதை மறுத்தார். உண்மையைக் காக்கவென்று போதகரே பொய் சொன்னால், அவர் எப்போது உண்மை பேசுகிறார் என்பதைக் கேட்பவர் எவ்வாறு அறிவார்? நம்பிக்கையை மறைத்துத் தப்பலாம் என்றால், மறைசாட்சிகள் உயிர் கொடுத்ததற்கும் பொருளிராது என்றார். எகிப்தில் எபிரேயக் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த இறையாசியும் அவர்களுடைய இரக்கத்துக்கே உரியது, பொய்க்கு அன்று என அவர் விளக்கினார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அகுஸ்தீனின் சமகாலத்தவரான யோவான் கசியான், பேராபத்தில் மட்டும் கையாள வேண்டிய நச்சு மருந்தைப் போன்றது பொய் என்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் அகுஸ்தீனின் முடிவையே ஏற்றார். எனினும் தீங்கு செய்யும் பொய், உதவிக்கான பொய், வேடிக்கைப் பொய் என மூன்றாகப் பிரித்து, பின்னிரண்டும் தம்மளவில் சாவான பாவம் அல்ல என்றார்.

அகுஸ்தீனின் போதனை கடுமையானது. ஆயினும் அது பொய்க்கு மாற்றாகக் காட்டிக் கொடுப்பதை முன்வைக்கவில்லை. துன்பம் நேரினும் வாய் திறவாதிருக்கும் துணிவையே முன்வைத்தது.