மணலுக்குரியவர் யார்?

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலே, கொக்கிளாய்க் கடனீரேரிக்குத் தெற்கே அமைந்த கடற்கரையூர் புல்மோட்டை. அதன் கரிய மணலிலே இல்மனைற், றூற்றைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்ய 1957 ஆம் ஆண்டில் கனியமணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பின்னர் அது கம்பனியாக மாறியபோதும் பங்குகள் அரசிடமே இருந்தன. ஆகவே, விற்பவர் யாரென்பதில் ஐயமில்லை. வாங்குபவர் யார் என்பதே வினா.

உலக வணிகத்திலே, தம் பெயர் வெளிவராத நாட்டைத் தேடிக் கம்பனி பதிவோர் பலர். பனாமா 1927 இலும், பிரித்தானிய வேர்ஜின் தீவுகள் 1984 இலும் அதற்கேற்ற சட்டங்களை இயற்றின. பதிவுக் கட்டணம் அத்தீவுகளுக்குப் பெருவருவாயாயிற்று. ஏடுகளிலே பணிப்பாளராக வாடகைப் பெயரொன்று நிற்கும். பணத்துக்குரியவர் பெயர் இராது. 2016 இல் பனாமாச் சட்ட நிறுவனமொன்றின் ஆவணங்கள் அம்பலமானபோது, 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கம்பனிகளின் விவரங்கள் வெளிப்பட்டன. அவ்வாண்டே பிரித்தானியா, கம்பனிகளை உண்மையில் ஆள்வோரின் பெயர்களைப் பொதுப் பதிவேட்டில் இடச் செய்தது.

தன் சொந்தப் பணத்தை ஒருவர் மறைவாக வைத்திருப்பதற்கு நியாயம் கூறலாம். ஆனால், பொதுச் சொத்தாகிய மணலை விலை பேச வருபவர், எந்தத் தீவிலே பதிந்து வந்தாலும், தம் முகத்தைக் காட்டியே ஆகவேண்டும்.