வைக்கோலுக்கும் ஐந்தொகை உண்டு!

கொத்தமங்கலம் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடிக்குப் பக்கத்தில், கானாடுகாத்தானை ஒட்டினாற்போல இருக்கிற ஊர். வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற செட்டிநாட்டு வீடுகள். பர்மா, மலாயா, சிலோன் என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்துக் கட்டியவை. பளிங்கும் தேக்கும்தான் நம் கண்ணில் படும். ஆனால், அத்தனைக்கும் அஸ்திவாரம் ஒரு நோட்டுப் புத்தகம்... அதில் எழுதிய ஐந்தொகை! போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று ஈவு இரக்கமில்லாமல் சொல்லிவிடும் நகரத்தார் கணக்கு.

அந்தக் கணக்கை இன்றைக்கு நாம் ஒரு யோசனைக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். வைக்கோல், உமி, கரும்புச் சக்கை போன்றவற்றிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுத்து, கிராமத்துக்கு கரண்ட் கொடுக்கலாம் என்கிறார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் கரும்புகை கிடையாது, தண்ணீர்தான் மிச்சம். 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. விவசாயக் கழிவு உள்ளிட்ட தாவரப் பொருளிலிருந்து எடுப்பதும் 'பசுமை'க் கணக்கில் சேரும் என்று அதே வருடம் ஆகஸ்ட்டில் சொல்லியும் விட்டது. கேட்கவே ஜில்லென்று இருக்கிறது, இல்லையா?

முதல் ஆச்சரியம், இது புது யோசனையே இல்லை!

முதல் உலகப் போர் சமயம். கார்டைட் என்ற வெடிமருந்து செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் வேண்டும். மான்செஸ்டரில் வேதியியல் ஆசிரியராக இருந்த சேம் வெய்ஸ்மன் (ஆமாம், பிற்பாடு இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்!) ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, அதற்கு மக்காச்சோளத்தைத் தின்னக் கொடுத்து, அசிட்டோனை வரவழைத்துக் காட்டினார். 1917-ல் தானியத்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்பி மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்க வைத்தார்கள். அந்தத் தொட்டிகளில் இன்னொன்றும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு! ஆனால், அவர்களுக்கு வேண்டியது அசிட்டோன். ஹைட்ரஜன்தான் அங்கே கழிவு!

அடுத்த உலகப் போரில் நம்ம ஊருக்கே வந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காத 1940-களில் தமிழ்நாட்டில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பு, அதில் கனலும் கரி. அதிலிருந்து வந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் இருந்தது. நம் தாத்தாக்கள் தெரியாமலே ஹைட்ரஜனில் பயணம் போயிருக்கிறார்கள்! போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அடுப்பைக் கழற்றி எறிந்தாயிற்று.

மூன்றாவது முறை வந்தபோது செட்டிநாட்டுச் சம்பந்தம் ஏற்பட்டது. கொத்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்தான் பள்ளத்தூர். முருகப்பா குடும்பத்தின் பூர்வீகம். அந்தக் குடும்பத்து ஏ.எம்.எம். முருகப்ப செட்டியாரின் பெயரில் 1970-களில் சென்னை தரமணியில் ஓர் ஆராய்ச்சி மையம் எழுந்தது. அதை வளர்த்தெடுத்தவர் டாக்டர் சி.வி. சேஷாத்ரி. ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்துவிட்டு, கிராமத்து ஜனங்களுக்கு எந்த விஞ்ஞானம் உதவும் என்று தேடிய மனிதர். ஸ்பைருலினா பாசியைக் கிராமங்களில் வளர்க்க வழி சொன்ன மையம் அது.

அதே மையத்தைச் சேர்ந்த டி.எம். வத்சலா குழுவினர் கையில் எடுத்தது, சாராய ஆலைக் கழிவுநீர். முருகப்பா குழுமத்தின் பாரி நிறுவனத்துக்குக் கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே வடிசாலையும் உண்டு. கழிவுக்குப் பஞ்சமா? 100 கன மீட்டர் தொட்டி, அதாவது ஒரு லட்சம் லிட்டர். மூன்று வகை பாக்டீரியாக்கள். 40 மணி நேரம். 2008-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைப்படி, கிடைத்த ஹைட்ரஜன் 21.38 கிலோ! ஏதோ சோதனைக் குழாயில் நாலு குமிழ் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை.

சரி, ஐந்தொகைக்கு வருவோம். 21 கிலோ ஹைட்ரஜனை மின்சாரமாக்கினால் சுமார் 250, 300 யூனிட் தேறும். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டி.வி. என்று நாளைக்கு மூன்று யூனிட் செலவழிக்கும் வீடுகள் ஐம்பதை அந்தத் தொட்டி தாங்கும். வரவு பேஷ்!

பற்று? பாக்டீரியா தின்றது கிட்டத்தட்ட 700 கிலோ சர்க்கரை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கணக்குப்படி 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் எடுக்கலாம். இருட்டுத் தொட்டியில் நொதிக்கவைத்தால் அதிகபட்சம் 4. நெல்லிக்குப்பம் குழுவினருக்குக் கிடைத்தது 2.76. மீதிச் சக்தி அமிலங்களாகத் தொட்டியிலேயே தங்கிவிடும். அதை இன்னொரு தொட்டிக்கு அனுப்பி, சாண எரிவாயு மாதிரி மீத்தேன் எடுத்தால்தான் முதலுக்கு மோசமில்லை.

இதெல்லாம் சர்க்கரை கரைந்த கழிவுநீருக்கு. வைக்கோல் அப்படியில்லை. அதன் சர்க்கரையை லிக்னின் என்ற இரும்புப்பெட்டி பூட்டி வைத்திருக்கிறது. முதலில் சூடோ அமிலமோ என்சைமோ போட்டுப் பூட்டை உடைக்கவேண்டும். அதற்கும் செலவு.

அதனால்தான், கரண்ட் மட்டுமே குறியாக இருந்த ஊர்கள் வேறு வழியில் போயின. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளி கிராமத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் 1988-ல் விறகு வாயு இயந்திரம் வைத்து விளக்கேற்றியது. குடிதண்ணீரும் மாவு மில்லும் அதிலேயே ஓடின. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து 2003-ல் 9 கிலோவாட் இயந்திரம் வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டியது. பீகாரில் தம்குஹா கிராமத்துக்கு 2007 ஆகஸ்ட் 15 அன்று உமியிலிருந்து வெளிச்சம் வந்தது. எல்லாம் அந்தப் பழைய கரி பஸ்ஸின் பேரப்பிள்ளைகள்தான்! வாயுவைத் தனித்தனியாகப் பிரிக்காமல் அப்படியே இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இனி, பற்றுப் பக்கத்தில் யாரும் எழுத மறக்கிற ஒரு வரி. வைக்கோலைக் 'கழிவு' என்று யார் சொன்னது? பஞ்சாபில் வயலோடு கொளுத்துகிறார்கள், வாஸ்தவம். கண்மாய் நிறைந்தால்தான் நெல் என்கிற சிவகங்கைச் சீமையில் அது மாட்டுக்குச் சோறு. ஒரு காலத்தில் அரிசி ஆலை வாசலில் சும்மா கிடந்த உமி, பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் ஆகும் என்று தெரிந்ததும் விலை பேச ஆரம்பித்தது. இயந்திரம் வந்து வாயைத் திறந்த மறுநாளே கழிவு சரக்காகிவிடும். சரக்கானதும், அதுவரை அதைச் சும்மா அள்ளிப்போன ஏழையின் பசுவும் அடுப்பும்தான் முதலில் பட்டினி கிடக்கும்.

ஆக, இந்த வித்தை வீண் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை! கழிவு தானாக ஓரிடத்தில் சேர்ந்து, ஆற்றைக் கெடுத்து, ஊரை நாறடிக்கிற இடம் இருக்கிறதே... வடிசாலை, ஜவ்வரிசி ஆலை, சர்க்கரை ஆலை... அங்கே ஹைட்ரஜன் தொட்டி வைத்தால் வரும் வாயு லாபம், கெடாத ஆறு அதைவிடப் பெரிய லாபம். வயல் வயலாகச் சிதறிக் கிடக்கும் வைக்கோலை லாரியில் அள்ளி வந்து, பூட்டு உடைத்து, நாலில் ஒரு பங்கு எடுத்து, அதையும் கரண்ட்டாக்கும்போது பாதியை விட்டுவிடுவது வேறு கதை.

நாளைக்கே உங்கள் ஊருக்கு யாராவது இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால் கைதட்டி வரவேற்கலாம். உட்காரவைத்து மோர் கொடுக்கலாம். அப்புறம், "இந்த வைக்கோல் இப்ப யாருக்குப் போகுது?" என்று மட்டும் மறக்காமல் கேட்டுவிடுங்கள். ஐந்தொகையின் முதல் வரி அதுதான்.