மருந்தும் நீதியும்: தலிடொமைட் வழக்குகளின் வரலாறு

மருந்து சந்தைப் பண்டமாக மாறிய காலத்திலிருந்து, அதனை ஆக்குபவருக்கும் உண்பவருக்கும் இடையே சட்டம் வந்து நிற்கலாயிற்று. மருந்தினாற் கேடுற்றவர் எவரிடம் முறையிடுவது? இக்கேள்விக்கு மேனாட்டுச் சட்டங்கள் நெடுங்காலம் செவ்வையான விடை தரவில்லை என்பதைத் தலிடொமைட் வரலாறு காட்டுகின்றது.

மேற்கு ஜேர்மனியின் கிறுனென்தால் கம்பனி 1957 ஒக்டோபரில் அம்மருந்தைக் 'கொன்ரர்கான்' என்னும் பெயரில் விற்பனைக்கு விட்டது. உறக்கம் தரும் தீங்கற்ற மருந்தென அது விளம்பரப்படுத்தப்பட்டது. பிரித்தானியாவில், மதுபான உற்பத்தியிற் பேர்பெற்ற டிஸ்ரில்லர்ஸ் கம்பனி 1958 முதல் அதனை விற்றது. வைத்தியர் எழுதிக் கொடுக்க, கருவுற்ற தாய்மார் மசக்கைக்கு அதனை உட்கொண்டனர். 1961இன் இறுதியில் ஹம்பேர்க் நகர வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ் முதலியோர் எச்சரித்த பின்னரே அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால்கள் குறைபட்டும் உள்ளுறுப்புகள் பழுதுபட்டும் பிறந்துவிட்டன.

பிரித்தானியாவிற் பெற்றோர் 1962இல் வழக்குத் தொடுத்தனர். கம்பனி கவலையீனமாக நடந்ததென நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள்மேல் இருந்தது. சான்றுகளோ கம்பனியின் பெட்டகங்களிற் கிடந்தன. பிறவாத சிசுவுக்குக் கம்பனி கடப்பாடுடையதா என்பதும் அன்று தீராத பிரச்சினை. ஈற்றில், 1968இல் 62 பிள்ளைகள் சார்பில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. கவலையீனக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டும். வழக்கில் முற்றாக வென்றிருந்தாற் கிடைக்கக்கூடிய தொகையில் 40 வீதமே தரப்படும்.

ஜேர்மனியிற் கம்பனி நிருவாகிகள்மேல் 1968 மே மாதம் தொடங்கிய குற்றவியல் விசாரணை, 1970 டிசம்பரில் தீர்ப்பின்றியே நிறுத்தப்பட்டது. கம்பனி 10 கோடி மார்க் கொடுக்க இணங்கியது. அரசும் பணம் சேர்த்து, சட்டத்தின் மூலம் ஒரு நிதியம் அமைத்தது. பிள்ளைகளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. கம்பனிமேல் வழக்கிடும் உரிமையோ அச்சட்டத்தினாலேயே அற்றுப்போயிற்று.

எஞ்சிய பிரித்தானியப் பிள்ளைகளின் நிலையை மாற்றியது மக்கள் குரலே. 1972 செப்டெம்பரில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இவ்வநீதியை அம்பலப்படுத்தியது. மருந்து எவ்வாறு சந்தைக்கு வந்தது என்பதை ஆராயும் அதன் அடுத்த கட்டுரைக்கு, நிலுவையிலுள்ள வழக்கைக் காரணங்காட்டி நீதிமன்றம் தடைவிதித்தது. பிரபுக்கள் சபையும் 1973இல் அத்தடையை நிலைநாட்டியது. ஆயினும் கிளர்ந்தெழுந்த கண்டனத்தின்முன் கம்பனி பணிந்து, 1973இல் 2 கோடி பவுண் ஒதுக்க உடன்பட்டது. அத்தடை கருத்துச் சுதந்திரத்தை மீறியதென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1979இற் கூறிற்று.

இப்போராட்டங்களின் பின்னரே சட்டம் அசைந்தது. மருந்தினால் விளையும் கேட்டுக்கு, கவலையீனம் நிரூபிக்கப்படாவிடினும் உற்பத்தியாளரே பொறுப்பென 1976ஆம் ஆண்டின் ஜேர்மன் சட்டம் விதித்தது. அதே ஆண்டிற் பிரித்தானியா, கருவில் ஊறுபட்டுப் பிறக்கும் குழந்தையின் உரிமையைச் சட்டமாக்கியது. அந்நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் கவலையீனத்தை நிரூபிக்கும் பாரத்தை நீக்கியது. ஆனால், அக்காலத்து விஞ்ஞான அறிவினாற் குறைபாட்டைக் கண்டறிந்திருக்க முடியாதெனக் காட்டினால் உற்பத்தியாளர் தப்பலாம் என்னும் வாயிலையும் அது திறந்துவைத்தது. தலிடொமைட்டை விற்றவர்கள் முன்வைக்க விரும்பியிருக்கக்கூடிய வாதமும் இதுவன்றோ!

எந்த மருந்திலும் அறியப்படாத ஆபத்து ஓரளவு இருக்கும். அதனை ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். மருந்தை விற்று இலாபம் பெறுபவர் அதனைச் சுமக்க மறுத்தால், அச்சுமை மருந்தை நம்பி உண்ட தாயின்மீதும் அவள் பெற்ற குழந்தையின்மீதுமே விழுகின்றது. சட்டம் யார் பக்கம் நிற்கின்றது என்பதை அளந்தறிய இதனினும் தெளிவான அளவுகோல் வேறில்லை.